ஒரு புழுவுக்கு வாத்தியார் பெயர்

வாத்தியார் ஒருவர் காலமாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு நிமிட மௌனம், ஒரு மரக்கன்று. வசதியான பழைய மாணவர் யாராவது இருந்தால் அவர் பெயரில் ஒரு தங்கப் பதக்கம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் ஃப்ளெக்ஸ் டீக்கடைக்குக் கூரையாகி இருக்கும், கன்றை ஆடு மேய்ந்திருக்கும், பதக்கம் வாங்கினவனுக்கே அது யார் பெயர் என்று தெரியாது.

இதையெல்லாம் கிண்டல் செய்வது என் நோக்கம் இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஆசிரியருக்குச் செய்யும் உண்மையான மரியாதை எது என்று என்னைக் கேட்டால் ஒரே பதில்தான். அவர் சொல்லிக்கொடுத்த வேலை நிற்காமல் நடக்க வேண்டும், அப்படி நடக்க ஆகும் செலவை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் பாதியை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது பாதி வரும்போது கூட்டம் டிபன் சாப்பிடப் போயிருக்கும்.

இதைச் சொல்வதற்கு நூறு வருடத்துக்கு முன் இறந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். பெயர் வில்லியம் ஆஸ்லர். மருத்துவம் படிக்கிற நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சட்டென்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். நவீன மருத்துவக் கல்வியின் தந்தை, மாணவர்களை வகுப்பிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு அழைத்துப் போனவர் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் அவர் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் வாத்தியாராக இருந்தார், செத்த நாயையும் பன்றியையும் மாட்டையும் அறுத்துப் பாடம் நடத்தினார் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? வட அமெரிக்காவில் கால்நடை நோய்க்குறியியலுக்கு (அதாங்க, பெத்தாலஜி) அவரைத் தந்தை என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தப் பாதி ஆஸ்லரைத்தான் உலகம் சௌகரியமாக மறந்துவிட்டது.

"பி.காம் படிக்கிறவனுக்கு மாட்டு டாக்டர் சமாசாரத்தில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காப்பீடு பாடத்தில் கறவை மாட்டுக் காப்பீடு என்று ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? காதில் மாட்டின வில்லை இல்லாவிட்டால் பணம் கிடையாது. மாடு செத்தால் பொதுவாகக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அதாவது ஒரு குடும்பத்தின் மொத்த முதலீடும் அந்த ஒரு தாளில் நிற்கிறது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அறுத்துப் பார்க்கவும், பார்த்ததை உள்ளபடி எழுதவும் ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு இன்னொருவர். இந்தச் சங்கிலியின் ஆரம்பக் கண்ணிகளைத் தேடிப் படித்தபோதுதான் ஆஸ்லர் வந்து மாட்டினார்.

சரி, கதைக்கு வருவோம்.

ஆஸ்லர் 1849-ல் கனடாவில் பிறந்தவர். அப்பா பாதிரியார். பையனும் பாதிரியார் ஆவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். நடுவில் ஜேம்ஸ் போவெல் என்ற ஆசிரியர் டொராண்டோவில் குறுக்கே வந்தார். போவெல் மருத்துவர், நுண்ணோக்கிப் பைத்தியம், இறைநம்பிக்கை மிகுந்தவர். மனிதர்களுக்கான மருத்துவப் பள்ளியில் பாடம் எடுத்தவர், அதே ஊரில் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் தொடங்கிய கால்நடை மருத்துவப் பள்ளியிலும் போய்ப் பாடம் எடுத்தார். மனிதன் வேறு, மாடு வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆஸ்லர் அவருடைய புத்தக அலமாரியிலும் நுண்ணோக்கியிலும் வளர்ந்தார் என்றே சொல்லலாம்.

ஆஸ்லர் 1872-ல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பிறகு ஐரோப்பா. பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவின் பிரேதப் பரிசோதனை அறையைப் பார்க்கிறார். விர்ச்சோவும் மனித மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பக் கூடாது என்று சொன்னவர்தான். பன்றி இறைச்சி வழியாக மனிதனுக்கு வரும் டிரிக்கினெல்லா புழுவை ஆராய்ந்து, இறைச்சியைப் பரிசோதித்துத்தான் விற்க வேண்டும் என்று போராடியவர். 1874-ல் ஊர் திரும்பிய ஆஸ்லருக்கு மெக்கில்லில் வேலை கிடைத்தது. கூடவே டங்கன் மெகெக்ரன் என்பவர் 1866-ல் தொடங்கிய மாண்ட்ரியல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பாடம் நடத்தத் தொடங்கினார்.

இங்கே வணிகவியல்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். மாணவர்களுக்கு நுண்ணோக்கி வேண்டும், கல்லூரியில் காசில்லை. ஆஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? அம்மை நோயாளிகள் வார்டில் வேலை பார்த்தார். அந்த வேலைக்குக் கிடைத்த 600 டாலரை நுண்ணோக்கி வாங்கச் செலவிட்டார். நடுவில் அவருக்கே அம்மை போட்டது, நல்லவேளையாக லேசாக வந்து போனது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்தச் செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா, இல்லை பைத்தியக்காரத்தனமா? :)

அந்தப் பத்து வருடத்தில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். மாண்ட்ரியல் பொது மருத்துவமனையில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மனித உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்தார். இன்னொரு பக்கம் மிருகங்கள். 1877-ல் நாய்க்குட்டிகள் இருமி இருமிச் செத்துக்கொண்டிருந்தன. அவற்றை அறுத்துப் பார்த்து மூச்சுக்குழாயில் முடிச்சு முடிச்சாகப் புழுக்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். அந்தப் புழுவுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கு அதன் அறிவியல் பெயர் ஆஸ்லரஸ் ஆஸ்லரி. முன்னாலும் ஆஸ்லர், பின்னாலும் ஆஸ்லர். கோடி ரூபாய் கொடுத்துக் கட்டடத்தில் பெயர் எழுதிக்கொள்கிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு கொடுப்பினை கிடையாது.

1878-ல் பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோயைப் பற்றி எழுதினார். 1883-ல் மாண்ட்ரியல் மக்கள் சாப்பிடும் பன்றி இறைச்சியில் என்னென்ன ஒட்டுண்ணிகள் இருக்கின்றன என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. அதில் ஆஸ்லர் பெயரோடு கிளமெண்ட் என்ற இன்னொரு பெயரும் இருக்கிறது. அவர் கால்நடை மருத்துவ மாணவர். பேராசிரியர் பெயருக்குச் சமமாக மாணவன் பெயர், அதுவும் அந்தக் காலத்தில்! கசாப்புக் கூடத்தில் நின்று கூட வேலை பார்த்தவன் பெயர் காகிதத்திலும் வர வேண்டும் என்று நினைத்த வாத்தியார்.

எனக்கு மிகவும் பிடித்தது நோவா ஸ்கோஷியா மாடுகளின் கதை. அங்கே பிக்டோ என்ற பகுதியில் மாடுகள் செத்து விழுந்தன. தொற்றுநோய் என்ற பயம். 1882-ல் ஆஸ்லர் போய் அறுத்துப் பார்த்தார். கல்லீரல் இறுகிக் கெட்டிப்பட்டிருந்தது, மனிதர்களிடம் சிரோசிஸ் என்கிறோமே, அந்த மாதிரி. பார்த்ததை எழுதினார். காரணம் அப்போது பிடிபடவில்லை. இருபது வருடம் கழித்து, 1900-களின் தொடக்கத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. மேய்ச்சல் நிலத்தில் மண்டிக்கிடந்த ராக்வர்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் விஷம். தொற்றே இல்லை!

இதில் ஆஸ்லர் தோற்றார் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுப்பேன். ஆடிட்டிங் பாடத்தில் நமக்கு முதலில் சொல்லித்தருவது என்ன? வவுச்சரைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. கல்லீரல் கெட்டிப்பட்டிருக்கிறது என்பது பார்த்தது. தொற்றுநோய் என்பது ஊர் நினைத்தது. அவர் முதலாவதைத் துல்லியமாக எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்குத் தேட ஒரு இடம் கிடைத்தது. பிரேதப் பரிசோதனைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ஆட்டாப்ஸி என்ற சொல்லே கிரேக்கத்தில் 'தன் கண்ணால் பார்த்தல்' என்ற பொருளில் பிறந்ததுதான். பெத்தாலஜி வாத்தியார் கடைசியில் கற்றுக்கொடுப்பது நோய்களின் பட்டியலை அல்ல, இந்த நேர்மையை.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. ஆஸ்லர் 1884-ல் பென்சில்வேனியா போய்விட்டார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, சர் பட்டம், உலகப் புகழ். அவர் பாடம் நடத்திய மாண்ட்ரியல் கால்நடைக் கல்லூரி என்ன ஆனது? 1889-ல் மெக்கில்லின் ஒரு துறையாகச் சேர்ந்தது. பெயரிலேயே 'ஒப்பீட்டு மருத்துவம்' என்று வைத்தார்கள், மனிதனையும் மிருகத்தையும் சேர்த்துப் படிக்கும் துறை. கேட்கவே நன்றாக இருக்கிறது. 1903-ல் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

ஏன்? மெகெக்ரன் கறாரான மனிதர். நுழையத் தகுதி வேண்டும், மூன்று வருடம் படிக்க வேண்டும் என்றார். டொராண்டோவில் இருந்த கல்லூரி வெகுகாலம் இரண்டு வருடத்தில் பட்டம் கொடுத்தது. நீங்கள் மாணவராக இருந்தால் எங்கே போவீர்கள்? மாணவர் எண்ணிக்கை குறைந்தது, கையில் காசில்லை, கதை முடிந்தது. சந்தை என்றால் என்ன என்று முதல் செமஸ்டரில் படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நல்ல சரக்கு, அதிக விலை, நீண்ட காத்திருப்பு. பக்கத்துக் கடையில் மலிவு. நல்ல கடை மூடப்பட்டது. (அதே 1903-ல்தான் நம்ம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது என்பது தற்செயல். ஆனாலும் படித்தபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.)

உலகமே கொண்டாடின ஒரு ஆசிரியர் வேலை பார்த்த துறையையே அவர் உயிரோடு இருக்கும்போது காப்பாற்ற முடியவில்லை. புகழுக்குப் பஞ்சமில்லை, மாதச் செலவுக்குத்தான் ஆள் இல்லை. நான் முதலில் சொன்ன இரண்டாவது பாதி இதுதான்.

ஆனால் எல்லாமே போய்விடவில்லை. ஆஸ்லர் அறுத்துக் குப்பியில் போட்டு வைத்த மனித உறுப்புகள் மெக்கில் அருங்காட்சியகத்தில் இருந்தன. மாட் அபட் என்ற பெண்மணி 1890-களின் இறுதியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பெண் என்பதால் மெக்கில் மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கப்பட்டு, வேறு கல்லூரியில் படித்து வந்தவர். ஆஸ்லர் அவரைச் சந்தித்து, அந்த அருங்காட்சியகம் எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று ஊக்கப்படுத்தினார். தூசி படிந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, வகைப்படுத்தி, பிறவி இதய நோய்கள் பற்றி உலகமே திரும்பிப் பார்க்கும் நூலை 1936-ல் கொண்டுவந்தார். குப்பியில் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததால்தானே இது முடிந்தது? அசெட் ரெஜிஸ்டர் ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆஸ்லர் தன் ஆசிரியருக்கு என்ன மரியாதை செய்தார்? 1892-ல் வந்த அவருடைய பெரிய மருத்துவப் பாடநூலை மூன்று ஆசிரியர்களுக்குக் காணிக்கையாக்கினார். அதில் போவெல் ஒருவர். அதைவிட நெகிழ்ச்சியான ஒன்று உண்டு. எதையாவது யோசித்துக்கொண்டே கையில் பேனாவை வைத்திருந்தால், தன்னை அறியாமல் 'ஜேம்ஸ் போவெல்' என்று கிறுக்கிக்கொண்டிருப்பாராம். போவெல் 1880-லேயே மேற்கிந்தியத் தீவுகளில் காலமாகிவிட்டார். மாணவர் கை மட்டும் அந்தப் பெயரை விடவில்லை. ஆனால் கிறுக்கியதோடு அவர் நிறுத்தவில்லை என்பதுதான் விஷயம். போவெல் செய்ததைப் போலவே மனித மருத்துவ மாணவர்களுக்கும் கால்நடை மாணவர்களுக்கும் ஒரே ஆள் பாடம் நடத்தினார். காணிக்கைப் பக்கத்தைவிட அதுதான் பெரிய காணிக்கை. 1919 டிசம்பர் 29-ல் ஆஸ்லர் இறந்தபோது அவர் உடலும் பிரேதப் பரிசோதனை மேஜைக்குத்தான் போனது. வாழ்நாள் முழுக்கச் சொன்னதைச் செத்தும் செய்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போது ஸ்லைடை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலேயே பார்க்கிறார்கள், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, வாத்தியார் எதற்கு?" என்று ஒரு கட்சி கிளம்பும். அவர்களுக்கு 1999 நியூயார்க்கைக் காட்டுகிறேன். அந்தக் கோடையில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு வழியாக வரும் செயின்ட் லூயி வகை என்று முதலில் அறிவித்தார்கள். அதே நேரத்தில் காக்கைகள் செத்து விழுந்தன, பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையிலும் பறவைகள் செத்தன. அங்கே கால்நடை நோய்க்குறியியல் நிபுணராக இருந்த டிரேசி மெக்நமாரா அவற்றை அறுத்துப் பார்த்தார். மூளையிலும் இதயத்திலும் சேதம். செயின்ட் லூயி வைரஸ் பறவைகளைப் பொதுவாகக் கொல்லாது. குதிரைகளுக்கு வரும் இன்னொரு வகை மூளைக்காய்ச்சல் என்றால் ஈமு பறவைகள்தான் முதலில் சாக வேண்டும், அவையோ நன்றாக இருந்தன. ஆக இரண்டும் இல்லை, இது வேறு எதுவோ என்று விடாமல் வாதாடினார். கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ். அமெரிக்கக் கண்டத்துக்கு அதுதான் முதல் வருகை.

கம்ப்யூட்டர் ஸ்லைடில் இருப்பதைச் சொல்லும். சாகாமல் நிற்கிற ஈமுவைப் பார்த்து 'இது ஏன் சாகவில்லை?' என்று கேட்கிற புத்தி ஸ்லைடுக்குள் இல்லை. அது செத்த மிருகத்தின் பக்கத்தில் ஒரு வாத்தியாரோடு நின்றபடி பல வருடங்கள் கழித்தால் வருவது. பறவைக் காய்ச்சல், நிபா என்று மிருகத்திலிருந்து மனிதனுக்குத் தாவும் நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற இந்த நாளில், அந்தப் பல வருடங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பது கல்லூரிக்குள் முடிந்துபோகிற விஷயம் இல்லை. நம் எல்லோருடைய பிரச்சினை.

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சார்லஸ் லூயி டேவிஸ் என்ற கால்நடை நோய்க்குறியியல் ஆசிரியர் இருந்தார். அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை உருவானது. அதை எழுப்பி வளர்த்தவர் சாமுவேல் தாம்சன். சிலை வைக்கவில்லை. வகுப்புகள், கருத்தரங்குகள், மாணவர்கள் பார்த்துப் பழகப் படத்தொகுப்புகள் என்று வேலையாகவே நடத்தினார்கள். இன்று அந்த அறக்கட்டளையின் பெயரில் டேவிஸோடு தாம்சனும் சேர்ந்திருக்கிறார். குருவின் பெயரைக் காப்பாற்றியவருக்கு அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. இதைவிட அழகான நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது.

கணக்குப் பதிவியலில் கட்டடத்துக்குத் தேய்மானம் போடுகிறோம், நாற்காலிக்குப் போடுகிறோம். ஒரு ஆசிரியரின் பயிற்சி வருடா வருடம் கைமாறாவிட்டால் அதுவும் தேயும். அதற்கு எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வரி கிடையாது. அதனால் அது தேய்ந்து தீர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. மாண்ட்ரியலில் 1903-ல் தெரிந்த மாதிரி.

ஆகவே மக்களே, அடுத்த முறை காலமான ஒரு வாத்தியார் பெயரில் வசூல் செய்ய உண்டியலோடு யாராவது வந்தால் பணம் கொடுங்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் நடத்திய வகுப்பை இப்போது யார் நடத்துகிறார்கள்? அவர்களுக்கு அதற்கு நேரமும் சம்பளமும் இருக்கிறதா? இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் இன்னும் நூறு ரூபாய் சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் ஃப்ளெக்ஸுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி.கு: கால்நடை மருத்துவம் படிக்கிற நண்பன் ஃபார்மலின் வாசனையோடு வந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடிக்காதீர்கள். அது ஒரு நீண்ட குரு பரம்பரையின் வாசனை :)